இரண்டு டொலர் அட்டையும் கட்டம் போட்ட சப்பாத்தும்

பொப் பங்க் எண்டு சொன்னவுடன் கனபேருக்குப் பாட்டுக்கு முதல் உடுப்புத்தான் கண்ணுக்குள் வரும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கட்டைக் காற்சட்டை, அதுவரைக்கும் இழுத்துவிட்ட வெள்ளைச் சொக்ஸ், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கன்வஸ் சப்பாத்து, குமிழ் ஆணி அடித்த பெல்ட், பச்சையோ நீலமோ பூசிய தலைமயிர். பாட்டு எப்படி இருக்கும் எண்டு தெரியாத ஆக்களுக்கு: மூன்று நாலு கோர்ட்ஸ், ஓட்டமான ட்ரம்ஸ், பங்க் இசையின் சத்தமும் அவசரமும், அதுக்கு மேலே ஒருதரம் கேட்டால் நாள் முழுக்க வாயில் நிற்கிற மெட்டு. பாடுவது பெரும்பாலும் காதல் முறிவு, வீட்டுச் சண்டை, சலிப்பு, இந்த ஊரை விட்டு எப்ப போறது என்ற ஏக்கம். மற்ற பங்க் குழுக்கள் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது இவர்கள் தங்கள் அறைக்குள் இருந்து தங்களையே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தோற்றத்தை இன்றைக்கு ஆரும் ஒரு பின்னேரத்தில் வாங்கிவிடலாம். கொழும்பில் இருந்துகொண்டு ஃபோனிலேயே ஓடர் பண்ணலாம். பொப் பங்க் வாழ்க்கை வாழ்வது எப்படி என்று பட்டியல் போட்டுத் தருகிற ஆக்களும் இருக்கினம்: இந்தச் சப்பாத்து, இந்தச் சாயம், இந்தப் பத்து ஆல்பம். அது பிழையெண்டு சொல்ல வரேல்ல. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள சாமான்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டு போனால், விலை போட முடியாத ஒன்றில் போய் முட்டுவோம். கலிபோர்னியாவில், பிரம்பு வேலைச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மண்டபம் அது. அதுக்கு வரமுதல் கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும்.

1974 இல் நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் ரமோன்ஸ் குழு தொடங்கியது. நாலு பேரும் தோல் ஜக்கெட், முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், கன்வஸ் சப்பாத்து என்று ஒரே சீருடை போட்டார்கள். நாலு பேருமே ரமோன் என்று ஒரே குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே இல்லை. 1976 இல் வந்த முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்ய ஏறக்குறைய 6,400 டொலர்தான் செலவு. 14 பாட்டு, முழுக்கக் கேட்டாலும் அரை மணித்தியாலம் ஆகாது. பொப் பங்க்கின் விதை இதுக்குள்ளேயே கிடக்கிறது. ரமோன்ஸுக்கு 1960களின் கடற்கரைப் பாட்டுகளும் பெண்கள் குழுக்களின் இனிப்பான மெட்டுகளும் உயிர். அந்த இனிப்பை எடுத்து, சத்தமும் வேகமும் கூட்டி வாசித்தார்கள்.

அதே நகரத்தில் ரிச்சர்ட் ஹெல் என்ற பாடகர் கிழிந்த சேட்டைச் சேப்டி பின்னால் குத்திப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். அதைக் கண்ட மல்கம் மக்லாரன் அந்த யோசனையை லண்டனுக்குக் கொண்டுபோனார். கிங்ஸ் வீதி 430 ஆம் இலக்கத்தில் அவரும் விவியன் வெஸ்ட்வூட்டும் நடத்திய கடையில் கிழிசலும் சங்கிலியும் நல்ல விலைக்குப் போயின. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவே அந்தக் கடையைச் சுற்றித்தான் உருவானது. ஆகவே, முந்தியெல்லாம் பங்க் சுத்தமாக இருந்தது, பிறகுதான் வியாபாரம் வந்து கெடுத்தது என்று கதை சொல்லுகிற ஆக்கள் கொஞ்சம் பொறுக்கவேணும். பங்க்குக்கும் அதை விற்ற கடைக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

மன்செஸ்டரில் பஸ்கொக்ஸ் குழு வேறொரு வழி காட்டியது. 500 பவுண் அளவில் கடன் வாங்கி, தாங்களே ஒரு இசைத்தட்டுக் கம்பனிக்குப் பெயர் வைத்து, 1977 ஜனவரியில் தங்கள் முதல் தட்டை 1,000 பிரதி அடித்து வெளியிட்டார்கள். கம்பனிக்காரனின் வாசலில் நிற்காமலும் ஒரு தட்டு போடலாம் என்பதைக் கனபேர் அதில் இருந்துதான் பழகினார்கள். அந்தக் குழுவின் பீட் ஷெல்லி எழுதிய காதல் பாட்டுகளில் காதலிக்கப்படுவது ஆணா பெண்ணா என்று தெரியாது. வேண்டுமென்றுதான் அப்படி எழுதினார்.

எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த ஊர் டெரி. வட அயர்லாந்து, 1970களின் கடைசி. தெருவில் பிரித்தானிய ஆமி, சோதனைச் சாவடி, குண்டுவெடிப்பு. அங்கிருந்த அண்டர்டோன்ஸ் என்ற ஐந்து பெடியள் 1978 இல் பாடியது பெட்டையளைப் பற்றி, பதின்ம வயதின் ஆசையைப் பற்றி. அவர்களுக்கு ஸ்டைலும் கிடையாது. கம்பளிச் சட்டையும் கட்டையாய்ப் போன காற்சட்டையும்தான், வீட்டில் இருந்து கடைக்குப் போகிற மாதிரி. பிபிசியின் ஜோன் பீல் அவர்களுடைய 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டை வானொலியில் போட்டுவிட்டு, பொறுக்கமுடியாமல் உடனேயே இன்னொருதரம் போட்டார். குண்டு வெடிக்கிற ஊரில் இருந்துகொண்டு ஏன் அதைப் பற்றிப் பாடுவதில்லை என்ற விமர்சனமும் வந்தது. பெல்ஃபாஸ்டில் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழு அதைப் பற்றித்தானே பாடியது, இவர்களுக்கு என்ன வந்தது?

இந்தக் கேள்வி எங்களுக்கு விளங்காத கேள்வி இல்லை. யுத்தம் நடக்கிற இடத்தில் இருந்து வருகிற ஒவ்வொரு கதையும் பாட்டும் யுத்தத்தைத்தான் பேசவேணும் என்று வெளியில் இருக்கிற ஆக்கள் எதிர்பார்ப்பார்கள். ஆனால் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகிற பதினாறு வயசுப் பெடியனுக்கும் காதல் வரும், அலுப்பு வரும். அதைப் பாடுவதற்கும் அவனுக்கு உரிமை இருக்கு. பொப் பங்க்கைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிற ஆக்களோடு எனக்கு இருக்கிற முதல் வழக்கு இதுதான்.

இப்ப உடுப்புக்கு வருவோம், ஏனெண்டால் இன்றைக்கு நாங்கள் பொப் பங்க் என்று அடையாளம் காண்கிற தோற்றம் லண்டனில் இருந்து வந்ததைவிடத் தெற்குக் கலிபோர்னியாவில் இருந்து வந்ததுதான் கூட. அங்கே அது ஸ்கேட்போர்ட் ஓடுகிற பெடியளின் உடுப்பு. 1966 இல் அனஹைம் நகரத்தில் வான் டோரன் குடும்பம் தொடங்கிய வான்ஸ் கம்பனி, பின்னுக்குத் தொழிற்சாலையும் முன்னுக்குக் கடையுமாக இருந்தது. அதன் சப்பாத்துக்கு அடி ரப்பர் தடிப்பு, பலகையில் நன்றாய் ஒட்டிப் பிடிக்கும். ஸ்கேட் பண்ணுகிறவனுக்கு ஒரு கால் சப்பாத்துத்தான் கெதியாய்த் தேயும். அந்தக் காலத்து வான்ஸ் கடையில் ஒற்றைச் சப்பாத்து மட்டும் வாங்க முடிந்தது. பெடியள் அந்தக் கம்பனியோடு ஒட்டிக்கொண்டதுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. கட்டம் போட்ட சப்பாத்து 1982 இல் வந்த 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மொன்ட் ஹை' படத்தில் ஷோன் பென்னின் காலில் ஏறி அமெரிக்கா முழுக்கப் போனது. அப்படியிருந்தும் இரண்டு வருசத்தில் கம்பனி வங்குரோத்து நிலைக்குப் போய் மீண்டது வேறு கதை.

காற்சட்டை டிக்கீஸ். டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வர்த் நகரத்தில் 1922 இல் தொடங்கிய தொழிலாளர் உடுப்புக் கம்பனி அது. 1967 இல் வந்த அதன் 874 இலக்கக் காற்சட்டை மெக்கானிக்குக்கும் தொழிற்சாலைக்காரனுக்கும் என்று தைத்தது. லொஸ் ஏஞ்சலிஸின் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் அதை மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணிப் போட்டுத் தங்களுடைய கௌரவ உடுப்பாக்கினார்கள். ஸ்கேட்காரர் பிறகு எடுத்துக்கொண்டார்கள்: மலிவு, விழுந்தாலும் இலேசில் கிழியாது. பிளிங்க்-182 போட்டுக்கொண்டு உலகம் சுற்றிய காற்சட்டையின் பூர்வீகம் இப்படிக் கராஜிலும் மெக்சிக்கக் குடியிருப்பிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியைப் பேஷன் எழுதுகிற ஆக்கள் பொதுவாக மறந்துவிடுவார்கள்.

தலைச்சாயத்துக்கு மட்டும் நியூயோர்க் திரும்பவேணும். 1977 இல் டிஷ், ஸ்னூக்கி பெலோமோ என்ற இரண்டு சகோதரிகள் சென்ட் மார்க்ஸ் பிளேஸில் மனிக் பனிக் என்ற கடையைத் திறந்தார்கள். இரண்டு பேரும் பாடகிகள். பிறகு பங்க் பிள்ளைகளின் தலைகளில் ஏறிய பச்சைக்கும் ஊதாவுக்கும் பெரும் பங்கு இவர்களுடையது.

தோற்றத்தில் ஒன்றுமே செய்யாமல் பொப் பங்க்கின் சின்னமாகிப் போன ஒருவரும் இருக்கிறார். லொஸ் ஏஞ்சலிஸ் கடற்கரைப் பக்கத்து டிசென்டன்ட்ஸ் குழுவின் பாடகர் மைலோ ஓகர்மன்: கண்ணாடி போட்ட, உயிரியல் படிக்கிற, பள்ளிக்கூடத்தில் பகிடிக்கு ஆளாகிற வகைப் பெடியன். அவர் பல்கலைக்கழகம் போகப்போகிறார் என்பதையே தலைப்பாக வைத்து 1982 இல் குழு ஆல்பம் போட்டது. அட்டையில் கண்ணாடியும் டையுமாக அவருடைய கேலிச்சித்திரம். அந்தச் சித்திரம் இன்றைக்கும் டீசேர்ட்டுகளில் இருக்கிறது. மைலோ உண்மையாகவே போனார், கலாநிதிப் பட்டம் எடுத்தார், கனகாலம் தாவர ஆராய்ச்சியாளராக வேலை செய்தார், இடையிடையே வந்து பாடினார். பயோ படிச்சு முடிச்சிட்டு என்னவெண்டாலும் செய் எண்டு சொல்லுற எங்கட அம்மாமாருக்கு இவரைக் காட்டலாம்.

இனி அந்த மண்டபம். 1980களின் நடுவில் அமெரிக்காவில் மதுபானம் வாங்குகிற வயது 21 ஆக்கப்பட்டது. இசை மண்டபங்கள் பிழைப்பதே மது விற்பனையில். ஆகவே பாட்டு யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள் கனக்க இடங்களில் வாசலோடு நிற்கவேண்டியதாயிற்று. அதோடு, பங்க் நிகழ்ச்சிகளுக்கு வந்து அடிபிடி பண்ணுகிற இனவெறிக் கும்பல்களின் தொல்லையும் இருந்தது. மக்சிமம் ரொக்கன்ரோல் சஞ்சிகையின் டிம் யோஹனனும் இன்னும் கொஞ்சப் பேரும் சேர்ந்து பெர்க்லி நகரத்தில், கில்மன் வீதி 924 ஆம் இலக்கத்தில், 1986 டிசம்பர் 31 அன்று ஒரு மண்டபத்தைத் திறந்தார்கள்.

கில்மனின் விதிகள் வாசலிலேயே பெயின்டால் எழுதியிருந்தன: குடி இல்லை, போதை இல்லை, அடிதடி இல்லை, இனவெறி இல்லை, பெண்களை இழிவுபடுத்துவது இல்லை, தற்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்துவது இல்லை. எந்த வயதுக்காரரும் வரலாம். அப்போது வருசத்துக்கு இரண்டு டொலர் கட்டி உறுப்பினர் அட்டை எடுக்கவேண்டியிருந்தது. அட்டை எடுத்தவருக்குக் கூட்டத்தில் வாக்கு உண்டு. வாசலில் காசு வாங்குவது, சத்தம் சரிபார்ப்பது, சண்டையை விலக்குவது, கடைசியில் கூட்டித் துடைப்பது எல்லாம் தொண்டர்கள். காசில்லாதவர் ஒரு வேலையைப் பொறுப்பெடுத்தால் இலவசமாக உள்ளே போகலாம். 1988 இல் யோஹனன் களைத்துப்போய் மண்டபத்தை மூடிவிட்டார். கொஞ்ச நாளிலேயே மற்றத் தொண்டர்கள் சேர்ந்து திரும்பத் திறந்தார்கள். என்னைக் கேட்டால் கில்மனின் பிறந்தநாள் இந்த இரண்டாவது திறப்புத்தான். தொடங்கினவர் போனபிறகும் நிற்கிற அமைப்புகளை நாங்கள் எத்தனை கண்டிருக்கிறோம்?

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்று ஊரை மூடிக்கொண்டிருக்கிற ரொடியோ என்ற சின்ன இடத்தில் இருந்து இரண்டு நண்பர்கள் கில்மனுக்கு வந்தார்கள். பில்லி ஜோ ஆம்ஸ்ட்ரோங், மைக் டர்ன்ட். பில்லி ஜோவின் அப்பா லொறி ஓட்டியவர், மகனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது இறந்துபோனார். அம்மா உணவகத்தில் பரிமாறுகிற வேலை. இவர்களுடைய கிரீன் டே குழு லுக்அவுட் என்ற சின்ன உள்ளூர்க் கம்பனியில் இரண்டு ஆல்பம் போட்டது, கில்மனில் திரும்பத் திரும்ப வாசித்தது. 1993 இல் வோர்னர் குழுமத்தைச் சேர்ந்த ரிப்ரைஸ் கம்பனியோடு ஒப்பந்தம் வைத்தார்கள். பெரிய கம்பனியோடு சேர்ந்த குழு கில்மனில் வாசிக்க ஏலாது என்பது மண்டபத்தின் இன்னொரு விதி. கதவு சாத்தப்பட்டது. 1994 பெப்ரவரியில் 'டூக்கி' ஆல்பம் வந்து அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது.

விலைபோயிட்டான் என்ற சொல் அந்த வருசம் பெர்க்லியில் சாதாரண வசைச்சொல்லாக இருக்கவில்லை. 1994 இல் டெட் கென்னடிஸ் குழுவின் முன்னாள் பாடகர் ஜெலோ பியாஃப்ராவை, கில்மனின் உள்ளேயே, விலைபோனவன் என்று கத்திக்கொண்டு அடித்துக் காலை முறித்தார்கள். தன் வாழ்க்கையில் ஒருநாளும் பெரிய கம்பனியோடு போகாத மனிசன். அடிதடி இல்லை என்று எழுதிய சுவருக்குள் இது நடந்தது. சுத்தம் பார்க்கிற ஆக்கள் எந்த இயக்கத்திலும் கடைசியில் இந்த இடத்துக்கு வருவதுண்டு. கிரீன் டேயை வெளியே விட்ட விதி சரியா என்றால், மண்டபத்துக்கு அது சரி என்றுதான் நினைக்கிறேன். சின்னக் குழுவுக்கு மேடை வேணும், பெரிய குழுவுக்கு மேடை எங்கேயும் கிடைக்கும். ஆனால் வறிய வீட்டுப் பிள்ளை காசு உழைத்ததைத் துரோகம் என்று சொன்னவர்களில் எத்தனை பேருக்கு வீட்டு வாடகை கட்டவேண்டியிருந்தது எண்டு எனக்குச் சந்தேகம்.

டூக்கி விற்ற விற்பனையைப் பார்த்த கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. அடுத்த பத்து வருசத்தை ஓட்டமாகச் சொல்லலாம். 1995 இல் வார்ப்ட் டூர் என்ற கோடைகால ஊர்சுற்றும் இசைவிழா தொடங்கியது, அடுத்த வருசம் வான்ஸ் அதன் பெயரை வாங்கியது. எந்தக் குழு எத்தனை மணிக்கு என்பது அன்றன்று காலையில்தான் தெரியும். பெரிய குழு கடைசியில் என்ற ஒழுங்கு கிடையாது. 1999 இல் பிளிங்க்-182 குழுவின் மூன்றாவது ஆல்பம், டோனி ஹோக் ஸ்கேட்போர்ட் வீடியோ கேம், இரண்டும் ஒரே வருசம். பிளிங்க் உறுப்பினர்களே சொந்தமாக உடுப்புக் கம்பனிகள் தொடங்கினார்கள். 2002 இல் கனடாவின் அவ்ரில் லவீன் கையில்லாத சட்டைக்கு மேலே டை கட்டிக்கொண்டு வந்தார், உலகம் முழுக்கப் பிள்ளைகள் அப்பாவின் டையை எடுத்தார்கள். ஹொட் டொபிக் என்ற கடை அமெரிக்க ஷொப்பிங் மோல்களில் நூற்றுக்கணக்காகப் பெருகி ஆணி பெல்ட்டையும் குழுக்களின் டீசேர்ட்டையும் விற்றது. 2004 இல் வான்ஸ் கம்பனியை விஎஃப் என்ற குழுமம் வாங்கியது. 2017 இல் டிக்கீஸையும் அதே குழுமம் வாங்கியது. சப்பாத்தும் காற்சட்டையும் ஒரே முதலாளியிடம் போய்ச் சேர்ந்தன.

மோல் கடையைத் திட்டுவது லேசு. ஆனால் பெர்க்லியில் பிறக்காத, கில்மன் மாதிரி ஒரு கதவு பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கடைதான் முதல் கதவு. தன்னை மாதிரி இன்னொருத்தரைக் கண்டுபிடிக்க அந்த டீசேர்ட் உதவியது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

குறைத்துச் சொல்லக்கூடாத இன்னொன்று, இந்தப் பாட்டுகளில் பெண்கள் இருந்த விதம். மேடையில் பெரும்பாலும் வெள்ளைப் பெடியள். பாட்டுக்குள் பெட்டை என்றால் ஏமாத்தினவள், விட்டிட்டுப் போனவள், அவ்வளவுதான். விமர்சகர் ஜெசிக்கா ஹொப்பர் 2003 இல் பங்க் பிளனெட் இதழில் இதைக் கூர்மையாக எழுதினார்: அந்தப் பாட்டுகளில் வருகிற பெண்களுக்குப் பெயரும் இல்லை, சொந்த வாழ்க்கையும் இல்லை. பின்னாளில் சில குழுக்களின் ஆண்கள் இளம் ரசிகைகளிடம் நடந்துகொண்ட விதம் வெளியே வந்தபோது, அந்தப் பாட்டுகளைத் திரும்பக் கேட்பது பலருக்குக் கஷ்டமாயிற்று. பாரமோர் குழுவின் செம்மஞ்சள் தலை ஹெய்லி வில்லியம்ஸ் போன்ற ஒருசிலர் அந்த ஆண்கள் கூட்டத்துக்குள் நின்று பாடினார்கள். 2016 இல் அவர் சொந்தமாகவே தலைச்சாயக் கம்பனி ஒன்றைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் தோற்றம் மோலுக்குப் போன அதே காலத்தில் இந்து சமுத்திரத்தின் மற்றக் கரையில் அதுக்கு வேறு விலை இருந்தது. 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரத்தில், அநாதைப் பிள்ளைகளுக்குக் காசு சேர்க்க நடந்த ஒரு பங்க் இசை நிகழ்ச்சியைப் பொலிஸ் சுற்றிவளைத்து 64 பேரைப் பிடித்தது. 2004 சுனாமியில் எங்களைப் போலவே அழிந்த ஊர் அது. பெடியளின் தலையை மொட்டை அடித்தார்கள், பெட்டையளின் மயிரைக் கட்டையாக வெட்டினார்கள், தோடுகளையும் சங்கிலிகளையும் கழற்றி எடுத்து, குளத்தில் இறக்கிக் குளிக்க வைத்தார்கள். பத்து நாள் பொலிஸ் பயிற்சிப் பள்ளியில் வைத்து ஒழுக்கம் படிப்பித்தார்கள். அவர்கள் மேல் வழக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கேட்ட பங்க் கலிபோர்னியாப் பொப் பங்க்கைவிடக் கடினமான வகை, ஆனால் தலைமயிர் ஒன்றுதான். பள்ளிக்கூட வாசலில் கத்தரிக்கோலோடு நிற்கிற ஆசிரியரைக் கண்ட எங்கட பெடியளுக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் விளக்கம் தேவைப்படாது.

2015 மே மாதம் கிரீன் டே திரும்பவும் கில்மனில் வாசித்தது. ஓக்லண்டில் தீவிபத்தில் பாதிக்கப்பட்ட ஏகே பிரஸ் என்ற பதிப்பகத்துக்குக் காசு சேர்ப்பதற்காக. அதுக்கு மண்டபத்தினர் சம்மதித்தார்கள்.

2021 மே மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் பொது நூலகத்தின் ஒரு கிளையில், புத்தக அலுமாரிகளுக்கு நடுவில் நாலு பிள்ளைகள் வாசித்த வீடியோ உலகம் சுற்றியது. த லின்டா லின்டாஸ். ஆசிய, லத்தீன் வம்சாவளிப் பெட்டையள். ட்ரம்ஸ் வாசித்தவளுக்கு 10 வயது. கொரோனா முடக்கத்துக்குக் கொஞ்சம் முதல் வகுப்பில் ஒரு பெடியன் அவளிடம் வந்து, சீன ஆக்களிட்ட இருந்து தள்ளி நிற்கச் சொல்லி அப்பா சொன்னவர் என்றிருக்கிறான். தானும் சீன வம்சாவளிதான் என்று அவள் சொன்னதும் பின்னுக்கு நகர்ந்திருக்கிறான். அதைப் பற்றித்தான் பாட்டு. நூலகத்தில் வாசித்ததால் கட்டணமும் இல்லை, வயதுக் கட்டுப்பாடும் இல்லை. கிரீன் டே 2024 இல் அமெரிக்க மைதானங்களைச் சுற்றி வந்தபோது, ஒவ்வொரு நாளும் முதலில் மேடை ஏறியது அந்த நாலு பேரும்தான்.